4 × 400 மீட்டர் தொடரோட்டம்

4 × 400 மீட்டர் தொடரோட்டம் என்பது நால்வர் கொண்ட அணிகள் பங்குபெறும் ஒரு தடகளப் போட்டியாகும். அணியிலுள்ள ஒவ்வொருவரும் 400 மீட்டர் ஓடி, கையிலுள்ள கோலை அடுத்தவரிடம் ஒப்படைப்பர். இவ்வாறு அணி மொத்தம் 1600 மீட்டர் தொலைவைக் கடக்கிறது. தனித்தனி ஓட்டக்காரரின் நேரம் அன்றி, அணியின் மொத்த நேரமே வெற்றியை முடிவு செய்கிறது. தொடரோட்டம் இலங்கையில் அஞ்சலோட்டம் என்று அழைக்கப்படுகிறது.

தமிழ்நாட்டில் பள்ளிகளுக்கிடையே நடைபெறும் தடகளப் போட்டிகளில் 4 × 100 மீட்டர், 4 × 400 மீட்டர் ஆகிய இரு தொடரோட்டங்கள் வழக்கமாக இடம்பெறுகின்றன. இவற்றுள் நீண்டது 4 × 400 மீட்டர் தொடரோட்டமே ஆகும். ஆசிய விளையாட்டுகளில் இந்தியா பலமுறை தங்கம் வென்ற தடகளப் போட்டிகளில் இதுவும் ஒன்று. அண்மைக் கால இந்திய அணிகளில் தமிழ்நாட்டைச் சேர்ந்தோர் பலர் இடம்பெற்றுள்ளனர்.

வரலாறு

செய்தியையும் அஞ்சலையும் ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாற்றி விரைவாகக் கொண்டு செல்லும் வழக்கம் பல நாடுகளில் தொன்றுதொட்டு இருந்து வந்துள்ளது. ஆயினும் அணிகள் மோதும் விளையாட்டாகத் தொடரோட்டம் வளர்ந்தது 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆகும். 1893 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகமும் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகமும் நால்வர் அணிகளாக ஓடிப் பார்த்தன. அதன் தொடர்ச்சியாக 1895 ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரில் பென் தொடரோட்டப் போட்டிகள் தொடங்கப்பட்டன. இப்போட்டிகளில் கல்லூரிகளுடன் உயர்நிலைப் பள்ளிகளும் பங்கேற்கின்றன. 1964 ஆம் ஆண்டு முதல் ஜமைக்காப் பள்ளிகளும் இங்கு வந்து ஓடி வருகின்றன.

1908 ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் முதன்முறையாகத் தொடரோட்டம் சேர்க்கப்பட்டது. அப்போது இருவர் 200 மீட்டரும், ஒருவர் 400 மீட்டரும், ஒருவர் 800 மீட்டரும் ஓடினர். கோல் பயன்படுத்தப்படவில்லை, அடுத்தவரின் கையைத் தொடுவதே வழக்கமாக இருந்தது. 1912 ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் ஆண்களுக்கான 4 × 100 மீட்டர், 4 × 400 மீட்டர் தொடரோட்டங்கள் அறிமுகமாயின. பெண்களுக்கான 4 × 400 மீட்டர் தொடரோட்டம் 1972 ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கில்தான் சேர்க்கப்பட்டது. இரு ஆண்களும் இரு பெண்களும் ஓடும் கலப்புத் தொடரோட்டம் 2021 ஆம் ஆண்டில் நடைபெற்ற தோக்கியோ ஒலிம்பிக்கில் முதன்முறையாக இடம்பெற்றது.

ஆண்கள் பிரிவில் 1993 ஆம் ஆண்டு ஸ்டுட்கார்ட் நகரில் அமெரிக்க அணி 2 நிமிடம் 54.29 நொடிகளில் ஓடி உலக சாதனை படைத்தது. பெண்கள் பிரிவில் 1988 ஆம் ஆண்டு சியோல் ஒலிம்பிக்கில் சோவியத் ஒன்றிய அணி 3 நிமிடம் 15.17 நொடிகளில் ஓடியது. இவ்விரு சாதனைகளும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நிலைத்திருந்தன.

கோலும் கோல் மாற்றமும்

தொடரோட்டக் கோல் உள்ளீடற்ற, வழுவழுப்பான ஓர் உருளையாகும். பள்ளிகளில் இதனைப் பேட்டன் என்றே கூறுவர். இதன் நீளம் 28 முதல் 30 சென்டிமீட்டர் வரை இருக்கலாம். எடை 50 கிராமுக்குக் குறையக்கூடாது. மரம், உலோகம் அல்லது வேறு உறுதியான பொருளால் ஒரே துண்டாகச் செய்யப்பட்டிருக்க வேண்டும்.

கோலை மாற்றுவதற்கென 20 மீட்டர் நீளமுள்ள பகுதி ஓடுதளத்தில் குறிக்கப்பட்டிருக்கும். இப்பகுதிக்குள்ளேயே கோல் கைமாற வேண்டும். இங்கு கவனிக்க வேண்டியது கோல் இருக்கும் இடமே தவிர, ஓட்டக்காரரின் கால்கள் இருக்கும் இடம் அன்று. வாங்குபவரின் கையில் மட்டும் கோல் இருக்கும் நொடியில்தான் மாற்றம் நிறைவடைந்ததாகக் கொள்ளப்படும். கோல் தவறி விழுந்தால், தவறவிட்டவரே அதனை எடுக்க வேண்டும். அவ்வாறு எடுக்கையில் பிறருக்கு இடையூறு செய்யாமலும், ஓட வேண்டிய தொலைவு குறையாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

4 × 100 மீட்டர் தொடரோட்டத்தில் வாங்குபவர் திரும்பிப் பார்ப்பதில்லை. முன்பே பழகிய கணக்கின்படி ஓடத் தொடங்கிக் கையைப் பின்னால் நீட்டுகிறார். 4 × 400 மீட்டரில் அவ்வாறு செய்ய இயலாது. 400 மீட்டரின் இறுதியில் ஓடி வருபவர் களைத்துப்போய் இருப்பார். அவருடைய வேகத்தை முன்கூட்டியே கணிப்பது கடினம். ஆகவே வாங்குபவர் அவரைத் திரும்பிப் பார்த்து, அவருடைய வேகத்திற்கேற்பத் தம் ஓட்டத்தைத் தொடங்கி, கோலைத் தாமே பற்றி எடுத்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலோர் உட்புறம் நோக்கி நின்று இடக்கையால் வாங்கி, பின்பு வலக்கைக்கு மாற்றிக்கொள்கின்றனர்.

நால்வரின் நேரம்

தொடரோட்டத்தில் இரண்டாம், மூன்றாம், நான்காம் ஓட்டக்காரர்கள் அசையாத நிலையிலிருந்து தொடங்குவதில்லை. ஓரளவு வேகம் பெற்ற பின்னரே கோலை வாங்குகின்றனர். இதனால் அவர்களுடைய 400 மீட்டர் நேரம், தனிப்போட்டியில் அவர்கள் ஓடும் நேரத்தைவிடக் குறைவாக இருக்கும். முன்னால் ஓடுபவரை எட்டிப் பிடிக்க வேண்டும் என்ற உந்துதலும் இதற்குத் துணை செய்கிறது.

2023 ஆம் ஆண்டு ஆகஸ்டில் புடாபெஸ்டில் நடைபெற்ற உலகத் தடகளப் போட்டியின் தகுதிச் சுற்றை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறலாம். அதில் முகமது அனஸ், அமோஜ் ஜேக்கப், முகமது அஜ்மல், தமிழ்நாட்டைச் சேர்ந்த ராஜேஷ் ரமேஷ் ஆகியோர் கொண்ட இந்திய அணி 2 நிமிடம் 59.05 நொடிகளில் ஓடியது. இது அப்போதைய ஆசிய சாதனையாகும். இந்நேரத்தை நான்கால் வகுத்தால் ஒருவருக்கு 44.76 நொடிகள் வருகின்றன. ஆனால் அன்றைய நிலையில் 400 மீட்டர் தனிப்போட்டியில் இந்திய தேசிய சாதனை 45.21 நொடிகள் ஆகும். அதாவது, நால்வரின் சராசரி நாட்டின் தனிநபர் சாதனையைவிட விரைவாக இருந்தது. இறுதிப் போட்டியில் இவ்வணி ஐந்தாம் இடம் பெற்றது.

அணியின் பலம் அதன் மிகச் சிறந்த ஓட்டக்காரரை மட்டும் பொறுத்தது அன்று. ஓர் அணியினர் முறையே 52, 58, 58, 60 நொடிகளில் ஓடுவதாகக் கொண்டால் மொத்தம் 228 நொடிகள் ஆகும். மற்றோர் அணியின் நால்வரும் தலா 56 நொடிகளில் ஓடினால் மொத்தம் 224 நொடிகள் மட்டுமே. முதல் அணியில் மிக விரைவான மாணவர் இருந்தும், அவ்வணி 4 நொடிகள் பின்தங்குகிறது. சிறந்த ஓட்டக்காரர் ஒருவர் உள்ள பள்ளியைவிட, ஓரளவு நன்றாக ஓடும் நால்வர் உள்ள பள்ளி வெல்வதற்கு இதுவே காரணம்.

ஓடுதளம்

திறந்தவெளி ஓடுதளம்

திறந்தவெளியில் அமைக்கப்படும் முறைப்படியான ஓடுதளம் ஒரு சுற்றுக்கு 400 மீட்டர் நீளம் கொண்டது. இதில் ஒருவர் ஒரு சுற்று ஓடுகிறார். முதல் ஓட்டக்காரர் தமக்குரிய ஓடுபாதையிலேயே முழுச் சுற்றையும் ஓட வேண்டும். இரண்டாம் ஓட்டக்காரர் முதல் வளைவைத் தம் பாதையில் கடந்த பின்னர் உட்பாதைக்கு வரலாம். ஆக, மூன்று வளைவுகள் தனிப் பாதையில் ஓடப்படுகின்றன.

வெளிப்பாதையில் ஓடுபவர் வளைவுகளில் கூடுதல் தொலைவு ஓட நேரிடும். இதனை ஈடுசெய்ய அவருடைய தொடக்கக் கோடு முன்னால் தள்ளிப் போடப்படுகிறது. உடற்கல்வி ஆசிரியர்கள் இந்த இடைவெளியை ஸ்டாகர் என்று குறிப்பிடுவர். ஒரு பாதையின் அகலம் 1.22 மீட்டர் எனில், ஒரு முழுச் சுற்றுக்கான இடைவெளி 2 × 3.1416 × 1.22, அதாவது 7.67 மீட்டர் ஆகும். ஓடுதளத்தின் உள்விளிம்பில் மேடான வரம்பு இருந்தால், முதற்பாதையை அளக்கும் முறை சற்று மாறுவதால், இரண்டாம் பாதைக்கு மட்டும் இது 7.04 மீட்டராகக் குறையும். வளைவின் ஆரம் எவ்வளவாயினும் இக்கணக்கு மாறுவதில்லை. மூன்று வளைவுகள் தனிப் பாதையில் ஓடப்படும்போது இந்த இடைவெளி ஒன்றரை மடங்காகிறது.

உள்ளரங்க ஓடுதளம்

குளிர்காலத்தில் பனி பெய்யும் நாடுகளில் தடகளப் போட்டிகள் கூரையிட்ட அரங்குகளுக்குள் நடத்தப்படுகின்றன. இங்குள்ள ஓடுதளம் ஒரு சுற்றுக்கு 200 மீட்டர் நீளமும், வழக்கமாக 4 முதல் 6 வரையிலான பாதைகளும் கொண்டது. எனவே ஒவ்வொருவரும் இரண்டு சுற்றுகள் ஓட வேண்டும். முதல் ஓட்டக்காரர் இரு வளைவுகளைக் கடந்ததுமே உட்பாதைக்கு வந்துவிடலாம். உலக உள்ளரங்கத் தடகளப் போட்டிகளில் 4 × 400 மீட்டர் தொடரோட்டம் 1991 ஆம் ஆண்டு ஸ்பெயினின் செவில்லி நகரில் சேர்க்கப்பட்டது.

திறந்தவெளி ஓடுதளத்தின் வளைவு ஏறத்தாழ 36.5 மீட்டர் ஆரம் கொண்டது. உள்ளரங்க வளைவின் ஆரமோ ஏறத்தாழ 17 மீட்டர் மட்டுமே. ஒரே வேகத்தில் ஓடினாலும், உள்ளரங்கில் ஓட்டக்காரரை வெளிப்புறம் தள்ளுவதாக உணரப்படும் விசை இருமடங்குக்கும் மேலாக இருக்கும். இதைச் சமாளிக்கவே வளைவுகள் வெளிப்புறம் உயர்ந்து சாய்வாக அமைக்கப்படுகின்றன. நேர்ப்பகுதிகள் குறுகியவை ஆதலால் முந்திச் செல்ல இடம் குறைவு. உட்பாதையை முதலில் பிடிக்கும் அணிக்கு இது பெரும் வாய்ப்பாகும். கோல் மாற்றும் பகுதியிலும் நெரிசல் மிகுந்திருக்கும்.

2023 ஆம் ஆண்டு முதல் உலகத் தடகள அமைப்பு இவ்வகைப் போட்டிகளைக் குறுந்தளப் போட்டிகள் என்னும் பொருள்பட அழைத்து வருகிறது. கூரை இருப்பதைவிடச் சுற்றின் நீளமே முதன்மையானது என்பது இப்பெயர் மாற்றத்தின் கருத்தாகும்.

பள்ளி மைதானம்

தமிழ்நாட்டில் ஆண்டு முழுவதும் வெளியில் ஓட இயலும் என்பதால் உள்ளரங்கத் தடகளம் இங்கு வேரூன்றவில்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மைதானங்களில் நீர் தேங்குவதே இங்குள்ள முதன்மையான இடையூறாகும். இந்தியாவில் 200 மீட்டர் உள்ளரங்க ஓடுதளம் 2020களில்தான் ஒடிசாவின் புவனேசுவரத்தில் கலிங்கா விளையாட்டரங்க வளாகத்தில் அமைக்கப்பட்டது.

ஆயினும் 200 மீட்டர் சுற்று தமிழ்நாட்டு மாணவர்களுக்குப் புதியது அன்று. 400 மீட்டர் ஓடுதளம் அமைக்கப் பெரும் பரப்பு தேவைப்படுவதால், பல பள்ளிகளில் மண் தரையில் சுண்ணாம்புப் பொடியால் 200 மீட்டர் ஓடுதளமே வரையப்படுகிறது. இதில் 4 × 400 மீட்டர் ஓடும் மாணவரும் உள்ளரங்க ஓட்டக்காரரைப் போலவே இரண்டு சுற்றுகள் ஓடுகிறார். அதே போன்ற குறுகிய வளைவுகளை நான்கு முறை கடக்கிறார். ஆனால் வளைவில் சாய்வு இல்லை. காலுக்கடியில் இருப்பதும் மண்ணே. இத்தகைய மைதானத்தில் பழகியவர், மாவட்ட அல்லது மாநில அளவில் செயற்கை இழை ஓடுதளத்தில் முதன்முறையாக ஓடும்போது, எங்கு வேகத்தைக் கூட்டுவது, எங்கு வலிமையைச் சேமிப்பது என்பவற்றைப் புதிதாகக் கற்க நேரிடுகிறது.

பள்ளிப் போட்டிகள்

தமிழ்நாடு

தமிழ்நாட்டில் பள்ளிக்கல்வித் துறையின் விளையாட்டுப் போட்டிகள் படிப்படியாக நடத்தப்படுகின்றன. அருகருகே உள்ள பள்ளிகள் சேர்ந்த குறுவட்டப் போட்டிகள் முதற்படியாகும். அதனை அடுத்து வருவாய் மாவட்டப் போட்டிகளும், பின்னர் மாநிலப் போட்டிகளும் நடைபெறுகின்றன. தடகளப் போட்டிகள் குடியரசு தின விளையாட்டுப் போட்டிகள் என்றும், குழு விளையாட்டுகள் பாரதியார் தின விளையாட்டுப் போட்டிகள் என்றும் வழங்கப்படுகின்றன. மாணவர்கள் 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் எனப் பிரிக்கப்படுகின்றனர்.

எடுத்துக்காட்டாக, விழுப்புரம்–புதுச்சேரி சாலையில் அமைந்துள்ள கண்டமங்கலம் ஒன்றியத்தைச் சேர்ந்த ஒரு பள்ளி அணி, குறுவட்டத்தில் வென்ற பின்னர் விழுப்புரம் மாவட்டத்தின் பிற பகுதிப் பள்ளிகளோடு மோத வேண்டும். அதிலும் வென்றால் மாநிலப் போட்டிக்குத் தகுதி பெறும். மாநில அளவு வரை நால்வரும் ஒரே பள்ளியைச் சேர்ந்தவர்களாகவே இருப்பர். இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு நடத்தும் தேசியப் போட்டியில் நிலைமை வேறு. அங்கு மாநிலத்தின் பெயரால் அணி அமைவதால், வெவ்வேறு பள்ளிகளின் மாணவர்கள் ஒரே அணியாக ஓடுகின்றனர். பல ஆண்டுகள் சேர்ந்து பழகிய பள்ளித் தோழர்களுக்கு எளிதாக அமையும் கோல் மாற்றத்தை, சில நாள் பயிற்சி முகாமில் புதியவர்களுடன் பழக வேண்டியதாகிறது.

சிற்றூர்ப் பள்ளிகளுக்கு 4 × 400 மீட்டர் அணியை அமைப்பது எளிதன்று. உயர் வகுப்புகளில் பொதுத்தேர்வை முன்னிட்டு விளையாட்டை விடும் மாணவர் பலர். நால்வரில் ஒருவர் விலகினாலும் மற்ற மூவரின் வாய்ப்பும் பாதிக்கப்படுகிறது. மறுபுறம், தனிப்போட்டியில் மாவட்ட அளவில் இடம் பெற முடியாத ஒருவர், தொடரோட்ட அணியின் வழியாக மாநிலப் போட்டி வரை செல்லவும், உயர்கல்விக்கான விளையாட்டு ஒதுக்கீட்டில் பயன்படக்கூடிய சான்றிதழ் பெறவும் வாய்ப்பு உண்டு.

பிற நாடுகள்

இலங்கையில் பாடசாலைகளுக்கென்றே தனியாக அஞ்சலோட்டப் போட்டிகள் நடத்தப்படுகின்றன. இவற்றில் 4 × 200 மீட்டர், 4 × 800 மீட்டர் போன்ற ஓட்டங்களும் இடம்பெறுகின்றன.

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில், குறிப்பாகக் குளிர் மிகுந்த வடகிழக்கு மாநிலங்களில், உள்ளரங்கத் தடகளம் தனிப் பருவமாகவே நடைபெறுகிறது. நியூயார்க் நகரின் ஆர்மரி அரங்கு இதற்குப் பெயர் பெற்றது. அங்கு 4 × 800 மீட்டர் தொடரோட்டமும், நால்வரும் வெவ்வேறு தொலைவு ஓடும் நெடுந்தொலைவுக் கலவைத் தொடரோட்டமும் மாணவர்களிடையே புகழ்பெற்றவை. இக்கலவை ஓட்டத்தில் முதலாமவர் 1200 மீட்டரும், இரண்டாமவர் 400 மீட்டரும், மூன்றாமவர் 800 மீட்டரும், நான்காமவர் 1600 மீட்டரும் ஓடுகின்றனர். விரைவோட்டக்காரரும் நெடுந்தொலைவு ஓட்டக்காரரும் ஒரே அணியில் இணைவது இதன் சிறப்பாகும்.

இத்தகைய நீண்ட தொடரோட்டங்கள் ஒலிம்பிக்கில் இல்லை. எனினும் இவற்றிற்கும் உலக சாதனைகள் ஏற்கப்படுகின்றன. 4 × 800 மீட்டரில் கென்ய ஆண்கள் அணி 2006 ஆம் ஆண்டு பிரசெல்சில் 7 நிமிடம் 2.43 நொடிகளிலும், 4 × 1500 மீட்டரில் கென்ய ஆண்கள் அணி 2014 ஆம் ஆண்டு பகாமாசில் 14 நிமிடம் 22.22 நொடிகளிலும் ஓடின.

இந்திய அணிகள்

1951 ஆம் ஆண்டு புது தில்லியில் நடைபெற்ற முதல் ஆசிய விளையாட்டில் இந்திய ஆண்கள் அணி 4 × 400 மீட்டரில் தங்கம் வென்றது. 1962 ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் மில்கா சிங், மக்கன் சிங், தல்ஜித் சிங், ஜகதீஷ் சிங் ஆகியோர் மீண்டும் தங்கம் வென்றனர். அதன் பின்னர் ஆண்கள் அணி அடுத்த தங்கத்திற்கு 61 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. 2023 ஆம் ஆண்டு காங்சூ ஆசிய விளையாட்டில் அனஸ், அமோஜ், அஜ்மல், ராஜேஷ் ரமேஷ் ஆகியோர் 3 நிமிடம் 1.58 நொடிகளில் ஓடி அதனைப் பெற்றனர்.

பெண்கள் அணி 1984 ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற்று ஏழாம் இடத்தைப் பெற்றது. அவ்வணியின் எம். டி. வல்சம்மா, வந்தனா ராவ், ஷைனி ஆபிரகாம், பி. டி. உஷா ஆகியோரே 1986 ஆம் ஆண்டு சியோல் ஆசிய விளையாட்டில் தங்கமும் வென்றனர். 2002 முதல் 2018 வரை நடைபெற்ற ஐந்து ஆசிய விளையாட்டுகளிலும் தொடர்ச்சியாக இந்தியப் பெண்கள் அணியே தங்கம் வென்றது குறிப்பிடத்தக்கது.

தமிழ்நாட்டு ஓட்டக்காரர்கள்

தோக்கியோ ஒலிம்பிக்கின் கலப்புத் தொடரோட்டத்தில் இந்தியாவுக்காக ஓடிய நால்வரில் மூவர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். அவர்கள் ஆரோக்கிய ராஜீவ், வீ. ரேவதி, சுபா வெங்கடேசன் ஆகியோர் ஆவர். நான்காமவர் கேரளத்தைச் சேர்ந்த முகமது அனஸ். இவ்வணி தகுதிச் சுற்றைத் தாண்டவில்லை.

ஆரோக்கிய ராஜீவ் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் இலால்குடிப் பகுதியைச் சேர்ந்தவர். இந்தியப் படையில் பணியாற்றியவர். 2014 ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டில் 400 மீட்டர் தனிப்போட்டியில் வெண்கலம் பெற்றார். ரேவதி மதுரை மாவட்டம் சக்கிமங்கலத்தைச் சேர்ந்தவர். பெற்றோரை இளமையிலேயே இழந்து பாட்டியால் வளர்க்கப்பட்ட அவர், தொடக்கத்தில் காலணியின்றி ஓடியவர். 2018 ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டில் வெள்ளி வென்ற ஆண்கள் அணியில் ராஜீவுடன் திருப்பூர் மாவட்டத்தைச் சேர்ந்த தருண் அய்யாசாமியும் இடம்பெற்றார். காங்சூ ஆசிய விளையாட்டின் கலப்புத் தொடரோட்டத்தில் வித்யா ராம்ராஜ், ராஜேஷ் ரமேஷ், சுபா வெங்கடேசன் ஆகிய மூவரும் அஜ்மலுடன் ஓடி வெள்ளி பெற்றனர்.

தகுதி நீக்கம்

தொடரோட்டத்தில் ஒருவர் செய்யும் பிழைக்கு நால்வரும் பொறுப்பாகின்றனர். காங்சூ கலப்புத் தொடரோட்டத்தில் இரண்டாவதாக வந்த இலங்கை அணி, ஓடுபாதை விதிமீறலுக்காகத் தகுதி நீக்கம் செய்யப்பட்டது. அதனால் மூன்றாவதாக வந்த இந்திய அணிக்கு வெள்ளி கிடைத்தது.

ஊக்கமருந்துப் பயன்பாட்டிற்கும் இதே விதி பொருந்தும். 2018 ஆசிய விளையாட்டின் கலப்புத் தொடரோட்டத்தில் பகுரைன் அணி முதலிடம் பெற்றது. பின்னர் அவ்வணியின் ஓட்டக்காரர் ஒருவர் ஊக்கமருந்துக் குற்றத்திற்காகத் தடை செய்யப்பட்டதால், இரண்டாம் இடம் பெற்ற இந்திய அணிக்குத் தங்கம் அளிக்கப்பட்டது. 2008 ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கின் 4 × 100 மீட்டரில் ஜமைக்கா பெற்ற தங்கம், அணியில் ஒருவரின் மாதிரியில் தடை செய்யப்பட்ட பொருள் கண்டறியப்பட்டதால் 2017 ஆம் ஆண்டில் பறிக்கப்பட்டது. அவ்வணியில் இருந்த உசேன் போல்ட்டும், தம்மீது குற்றம் ஏதுமின்றித் தம் பதக்கத்தை இழந்தார். இந்தியாவிலும் 2011 ஆம் ஆண்டில், 2010 ஆம் ஆண்டின் காமன்வெல்த் விளையாட்டில் தங்கம் வென்ற பெண்கள் அணியைச் சேர்ந்த மூவர் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினர். இதனால் நாட்டின் தொடரோட்ட அணியைப் புதிதாகக் கட்ட வேண்டிய நிலை ஏற்பட்டது.

இவற்றையும் பார்க்கவும்

தடகள விளையாட்டு
4 × 100 மீட்டர் தொடரோட்டம்
400 மீட்டர் ஓட்டம்
ஆசிய விளையாட்டுப் போட்டிகள்
தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம்
விழுப்புரம் மாவட்டம்